வீராசாமியின் நிறம்

ஆடிக் கிருத்திகை முடிந்து பதினோராம் நாள் காலை. ஸ்டூடியோவின் ஷட்டர் பாதி ஏறியிருக்கும்போதே ரஞ்சிதம் குனிந்து உள்ளே வந்துவிட்டாள். அவள் கையில் நான்காக மடித்த ஒரு சுவரொட்டி இருந்தது. அதன் பின்பக்கத்தில் காய்ந்த பசையும், பசையோடு பெயர்ந்து வந்த சுண்ணாம்பும் ஒட்டியிருந்தன. அதைக் கவுண்டர் கண்ணாடியின் மேல் விரித்து வைத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஸ்டூடியோவில் படங்களைத் திருத்தும் ப்ளெஸ்ஸிக்கு அதைப் படிக்கத் தேவையில்லை. ஒன்பது நாளுக்கு முன் அவளே செய்தது. மேலே சிவப்பில் ‘காணவில்லை’. நடுவில் வீராசாமியின் மார்பளவுப் படம். கீழே வயது நாற்பத்தெட்டு, காது கேளாதவர், வாய் பேச இயலாதவர், மொட்டையடித்த தலை, ஊர் கே.ஜி.கண்டிகை என்று விவரம். அதே விவரம் தெலுங்கிலும். கடைசி வரியில் இரண்டு கைபேசி எண்கள். ஒன்று ரஞ்சிதத்தினுடையது, மற்றது ஸ்டூடியோவினுடையது.

வீராசாமி ரஞ்சிதத்துக்கு அண்ணன். பெற்றவர்கள் போனபின் பதினாறு வருடமாகத் தங்கை வீட்டில்தான் இருக்கிறார். அவள் நடவுக்குப் போனால் நாற்றுக்கட்டு சுமப்பார். வேர்க்கடலை பிடுங்கப் போனால் பக்கத்துச் சாலில் அவரும் பிடுங்குவார். கண்டிகையில் அவருடைய கையசைப்பு குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். மணிக்கட்டைத் தொட்டு வளையல்போல் சுற்றிக் காட்டினால் தங்கை. உள்ளங்கையை ஊதினால் டீ. பேருந்து ஏறிவிட்டால் அந்தப் பாஷை செல்லாது.

கிருத்திகையன்று சரவணப் பொய்கைப் பக்கம் போட்டிருந்த பந்தலில் அவருக்கு மொட்டை போட்டார்கள். ரஞ்சிதம் தன் பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். சந்தனம் வாங்க அவள் இந்தப் பக்கம் திரும்ப, பூக்காவடிக் கூட்டம் ஒன்று இருவருக்கும் நடுவில் புகுந்தது. கூட்டம் கடந்து போக ஐந்து நிமிடம் ஆயிற்று. அதன் பிறகு அவர் அங்கே இல்லை. காவல் நிலையத்தில் அன்றே எழுதிக் கொடுத்தாள். பேசவும் எழுதவும் தெரியாத ஒருவரை ஊர் சேர்க்க ஒரு படம்தான் இருந்தது. அந்தப் படத்தை ஒட்டிக்கொண்டு அவள் எல்லை தாண்டித் தெலுங்கு ஊர்களான நகரி, புத்தூர், ரேணிகுண்டா என்று கூலி வேலையை விட்டு அலைந்துகொண்டிருந்தாள்.

நேற்று அவள் புத்தூருக்கு இரண்டாம் முறை போயிருக்கிறாள். பேருந்து நிலையத்து வெளிச்சுவரை ஒட்டி டீ போடும் ஒரு பெண்ணிடம் வழக்கம்போல் கையசைத்துக் காட்டி விசாரித்தாள். மொட்டைத்தலை, பேச்சு வராது என்றதும் அந்தப் பெண் அடுப்பைக் குறைத்துவிட்டு எழுந்தாளாம். அப்படி ஓர் ஆள் இங்கேதான் இருந்தான், இரண்டு நாள் நான்தான் டீயும் பன்னும் கொடுத்தேன், மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் இல்லை என்றாளாம்.

“அந்தச் சுவத்துக்குக் கீழதாம்மா குந்திகினு இருந்திருக்காரு,” என்றாள் ரஞ்சிதம். சுவரொட்டியின் மேல் விரலை வைத்தாள். “இந்தப் பேப்பருக்கு நேர் கீழ. ரெண்டு நாளு.”

ப்ளெஸ்ஸி சுவரொட்டியைத் தன் பக்கம் திருப்பினாள்.

“நான் கேட்டேன், மேல படம் இருக்குதே, பாக்கலியாம்மான்னு. அதுக்கு அவ சொல்றா, தெனம் பாத்துகினுதான் இருந்தேன், படத்துல இருக்கறவன் நல்லா செவப்பா பெரிய வூட்டு ஆளாட்டம் கீறான், இங்க இருந்தவன் கருப்பு, ரெண்டும் ஒண்ணுன்னு நான் இன்னா கண்டேன்ன்றா.”

உள்ளேயிருந்து நாகராஜன் வந்தார். ஸ்டூடியோவுக்குச் சொந்தக்காரர், அறுபதைத் தாண்டியவர், ஃபிலிம் காலத்திலிருந்து இதே சந்தில், ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் கடை வைத்திருப்பவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, வெயிலில் அலைந்தால் யாருக்கும் நிறம் மங்கத்தான் செய்யும், டீக்கடைக்காரிக்கு ஆயிரம் முகம், அவள் எதைக் கண்டாள் என்றார். சொல்லிக்கொண்டே சுவரொட்டியைப் பார்த்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்தப் படம் எப்படி உருவானது என்று ப்ளெஸ்ஸிக்குத் தெரியும். முதல் நாள் ரஞ்சிதம் வந்தபோது அவள் கைபேசியில் மொட்டை போட்ட கையோடு எடுத்த படம் ஒன்று இருந்தது. ஆனால் பந்தலுக்கு மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அந்த நீலம் முழுவதும் முகத்தில் இறங்கியிருந்தது. உதடு ஊதா, காது மடல் ஊதா, கன்னம் கரிநீலம். இதைப் போட்டால் பிணம் என்று நினைப்பார்கள், வேறு போடு என்று நாகராஜன் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரில் இரண்டு வருடத்துக்கு முந்தைய கோப்பு ஒன்று இருந்தது. வீராசாமியின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காக இங்கே எடுத்தது. ப்ளெஸ்ஸி அதைத் திறந்து, முடியை அழித்து, வழுவழுவென்று ஒரு தலையை ஒட்டவைத்து, அதன் மேல் சந்தன மஞ்சளைத் தடவினாள். அரைமணி நேர வேலை. நன்றாக வந்ததாக அன்று அவளுக்கே தோன்றியது.

ஆனால் அந்தப் பழைய கோப்பே வீராசாமி இல்லை.

இந்தக் கடையில் எந்த முகம் வந்தாலும் எஃப் ஐந்து என்ற விசையைத் தட்டுவார்கள். கலர் ஏற்றுவது என்று அதற்குப் பெயர். தட்டினால் முகம் இரண்டு படி வெளுக்கும். பருவும் தழும்பும் கரைந்துபோகும். கல்யாணப் பெண்ணுக்கு இரண்டு தட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஒன்று. இறந்தவர் படத்துக்குக்கூட ஒன்று. இங்கே வேலை பார்க்கும் பதினோரு வருடத்தில் எத்தனை ஆயிரம் முறை தட்டியிருப்பாள் என்று அவளுக்குத் தெரியாது. அவளுடைய கல்யாண ஆல்பத்தை வேறு ஒரு கடையில் செய்தார்கள். அதில் முகம் கோதுமை நிறம். மோதிரம் மாட்டும் கையை மட்டும் வெளுக்க மறந்துவிட்டார்கள், அது அவளுடைய கை. வீராசாமியை இரண்டு வருடத்துக்கு முன் ஒரு முறை தட்டினாள். சுவரொட்டிக்காகத் திறந்தபோது, யோசிக்காமல், விரல் பழக்கத்தில், இன்னொரு முறை தட்டினாள். இடது புருவத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு மேலேறும் ஒரு தழும்பு அவருக்கு உண்டு. சின்ன வயதில் ஏற்றச்சால் கயிறு அறுந்து பட்டது என்று ரஞ்சிதம் சொல்லியிருக்கிறாள். சுவரொட்டியில் புருவம் முழுசாக இருந்தது.

“நான்தான் தப்பு பண்ணிட்டேங்க்கா,” என்றாள் ப்ளெஸ்ஸி.

ரஞ்சிதம் சுவரொட்டியை மறுபடி நான்காக மடித்தாள். பிறகு, “நீ இன்னா பண்ணுவ. கார்டுக்குப் படம் எடுத்த அன்னிக்கு நான்தான சொன்னேன், கொஞ்சம் செவப்பா போடும்மா, ஆபீஸ்ல மரியாத குடுப்பாங்கன்னு,” என்றாள். “எனக்கு நெனப்பு இருக்குது.”

ப்ளெஸ்ஸிக்கும் அது நினைவிருந்தது. அந்தப் பழியை ரஞ்சிதமே எடுத்துக்கொண்டது நிம்மதியாக இல்லை, வெட்கமாகத்தான் இருந்தது.

“அவரு எப்டி கீறாரோ அப்டியே போடு. கருப்புன்னா கருப்பு. பாத்தா இவன்தான்னு ஒருத்தனுக்காவது தெரியணும்.”

அன்று மாலைக்குள் பொதட்டூர்பேட்டை ஆல்பம் ஒன்று முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது; நெசவுக்காரர் வீட்டுப் பெண் மோனிகாவின் கல்யாணம். நாகராஜன் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. தொலைபேசியை எடுத்து அவர்களிடம் சில நாள் கழித்துத் தருகிறேன் என்று சொன்னார்.

ப்ளெஸ்ஸி தன் அறைக்குப் போய் உட்கார்ந்து, கைபேசிப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். நீல முகம் திரை நிறைய வந்தது. நீலத்தைக் குறைத்தாள், மஞ்சளைக் கூட்டினாள். பச்சை அடித்தது. பச்சையைக் குறைத்தாள், செங்கல் பொடி தடவியதுபோல் ஆயிற்று. ரஞ்சிதம் பின்னால் நின்று, இதுவா, இதுவா என்று ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி இல்லை என்றாள். இப்படிக் குத்துமதிப்பாகக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தால் சாயங்காலம் வரை ஒவ்வொரு நிறத்தில் ஓர் ஆளை உருவாக்கலாமே தவிர வீராசாமி வரமாட்டார் என்று ப்ளெஸ்ஸிக்குப் புரிந்தது. தன் கண்ணையே முதலில் நம்பக் கூடாது. கண் எங்கே உட்கார்ந்து பார்க்கிறது என்று பார்க்க வேண்டும்.

நிமிர்ந்து அறையைப் பார்த்தாள். எட்டுக்குப் பத்து அடி. கிளிப்பச்சைச் சுவர், கிரகப்பிரவேசத்துக்கு மிச்சமான பெயின்ட் என்று நாகராஜன் அடித்தது. திரைக்கு இடது பக்கம் முருகன் படம், அதன் கீழே வருடக்கணக்காக அணையாத ஒரு சிவப்பு பூஜ்ஜியம் வாட் பல்பு. அவள் உடுத்தியிருந்தது அடர்ந்த ரோஜாநிறச் சுடிதார். வெறும் கருப்பைத் திரை நிறைய விரித்தபோது மூன்றும் திரைக் கண்ணாடியில் பிரதிபலித்தன, பச்சை, சிவப்பு, ரோஜா. இத்தனை நாளும் எல்லா முகத்தையும் இவற்றின் வழியாகத்தான் பார்த்திருக்கிறாள். பல்பின் சிவப்பை முகத்தின் சிவப்பென்று நினைத்து அதைக் குறைத்திருக்கிறாள்.

மேசையின் கடைசி இழுப்பறையில் ஒரு பெட்டி இருந்தது. எலி போன்ற உருவம், ஒரு வால், வயிற்றில் ஒரு கண்ணாடிக் கண். திரையின் நிறத்தை அளக்கும் கருவி. மூன்று வருடத்துக்கு முன் ஆல்பம் அச்சடிக்கும் சென்னை லேப்காரர்கள் வற்புறுத்தி நாகராஜன் வாங்கினார். ஒரு வாரம் பயன்படுத்தினார்கள். அந்த வாரம் போன இரண்டு ஆல்பமும் திரும்பி வந்தன. பெண் கருத்துவிட்டாள் என்று சண்டை. கருவி சொன்னது சரி, கஸ்டமர் சொன்னதும் சரி, கஸ்டமர்தான் காசு கொடுக்கிறான் என்று அவர் அதைப் பெட்டியில் போட்டு மூடினார்.

ப்ளெஸ்ஸி அதை எடுத்துத் தூசி தட்டினாள். ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படத்துக்குத் தொங்கவிடும் சாம்பல்நிறத் திரைச்சீலையைக் கழற்றி வந்து பச்சைச் சுவரை மறைத்தாள். இன்னொரு சாம்பல் துணியைப் போர்வைபோல் தன் தோளில் போட்டுக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். மிச்சம் இருந்தது பல்பு. அதன் சுவிட்சை நோக்கிக் கை போனது, நின்றது. கடையில் அவள் ஒருத்திதான் கிறிஸ்தவப் பெண். அவளுடைய கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்தே சர்ச்சுக்குப் போகிற குடும்பம். இந்தப் பல்பை அணைக்கிற கை தன்னுடையதாக இருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது.

“அண்ணா, இந்த வெளிச்சம் ஸ்கிரீன்ல விழுது,” என்றாள்.

நாகராஜன் வாசலில் நின்று சாம்பல் போர்த்திய உருவத்தையும் சுவரையும் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, படத்தை ஆணியிலிருந்து எடுத்தார். பல்பையும் வயரோடு சுருட்டிக்கொண்டார். “சாமி கவுண்டர்ல உக்காரட்டும். யாவாரத்தையாவது பாக்கட்டும்,” என்றார். ரஞ்சிதம் முதல் முறையாக லேசாகச் சிரித்தாள். சிரித்ததும் கண் கலங்கிவிட்டது.

திரை சூடேற அரைமணி ஆகும். அதன் பிறகு கருவியைத் திரையின் நடுவில் தொங்கவிட்டாள். அதன் அடியில் சிவப்பு, பச்சை, நீலம், பிறகு சாம்பலின் பல படிகள் என்று ஒவ்வொரு கட்டமாக வந்து போயின. முடிந்ததும் திரை மங்கி, கொஞ்சம் மஞ்சளாகக்கூடத் தெரிந்தது. இத்தனை வருடம் எவ்வளவு நீலமும் எவ்வளவு வெளிச்சமுமாக அதை வைத்திருந்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

இனி படம். படத்துக்குள் நிஜத்தில் எந்த நிறத்துப் பக்கமும் சாயாத ஒரு பொருள் வேண்டும். வெள்ளை, அல்லது சாம்பல். அதை வெள்ளை என்று சொல்லிக் கொடுத்தால் தார்ப்பாயின் நீலம் எவ்வளவு என்று கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுக் கழித்துவிடும். வீராசாமியின் தோளில் வெள்ளைத் துண்டு கிடந்தது. ப்ளெஸ்ஸி அதன் மேல் குறியை வைத்துத் தட்டினாள். நீலம் போயிற்று. ஆனால் முகம் காமாலை கண்டதுபோல் மஞ்சளாக வந்தது. மறுபடி துண்டின் வேறு மடிப்பில் வைத்தாள். அதே மஞ்சள். கருவி தப்பா, தான் தப்பா என்று அவளுக்கு விளங்கவில்லை.

ரஞ்சிதம் குனிந்து பார்த்தாள். துண்டைத் தட்டினால்தான் இப்படி ஆகிறதா என்று கேட்டாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். கிருத்திகைக்கு என்று அந்தத் துண்டை முதல் நாள்தான் துவைத்தாள். பளிச்சென்று இருக்கட்டும் என்று சொட்டு நீலம் வழக்கத்துக்கு மேல் விட்டு அலசினாள்.

துண்டு வெள்ளை இல்லை. வெள்ளையாகத் தெரிவதற்காக நீலமாக்கிய துணி அது. ப்ளெஸ்ஸி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். சட்டை, கட்டம் போட்டது. பின்னால் மூங்கில். பக்கத்தில் யாருடைய முதுகோ. சாயம் ஏறாத ஒரு பொருளாவது இருக்கிறதா என்று படத்தை அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். நெற்றிக்கு வந்தபோது கை நின்றது.

“அக்கா, அன்னிக்குப் பூசின துண்ணூறு இன்னும் வெச்சிருக்கீங்களா?”

ரஞ்சிதம் மார்பிலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்து, அதிலிருந்து செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்தாள். இந்தப் பதினோரு நாளும் அதிலிருந்துதான் காலையில் பூசிக்கொண்டு கிளம்புகிறாளாம். ப்ளெஸ்ஸி ஒரு சிட்டிகை எடுத்தாள். விரலில் அது மாவைவிட மிருதுவாக இருந்தது, முன்பு தொட்டதில்லை. கடையின் சாம்பல் அட்டை மேல், நெற்றியில் பூசுவதுபோல் தண்ணீர் தொட்டு மூன்று கோடு இழுத்தாள். வெளியே எடுத்துப் போய், மேகம் மூடிய வெளிச்சத்தில் அட்டையையும் திருநீற்றையும் சேர்த்துப் படம் எடுத்து வந்து, திரையில் எண்களைப் பார்த்தாள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஏறத்தாழ ஒன்று. சிவப்பு மட்டும் இரண்டு புள்ளி கூட. அவ்வளவுதான். நன்றாக வெந்து எந்தச் சாயமும் மிச்சமில்லாத சாம்பல்.

வீராசாமியின் நெற்றியில் தண்ணீர் காயாமல் பூசியிருந்ததால் கோடுகளின் ஓரத்தில் தோல் தெரிந்தது. நடுக்கோட்டில் ஓரிடத்தில் மட்டும் திருநீறு கட்டியாக நின்றது. திரையில் அது ஒரு மிளகு அளவு. அந்த மிளகின் மேல் குறியை வைத்து, இரண்டு புள்ளிச் சிவப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, தட்டினாள்.

தார்ப்பாய் விலகியதுபோல் இருந்தது. உதட்டில் உதட்டின் நிறம் வந்தது. கன்னத்தில் வெயிலில் வெந்த கரும்பழுப்பு வந்தது. புதிதாகச் சிரைத்த தலை முகத்தைவிட வெளிறி, லேசாகப் பச்சையோடி இருந்தது. இடது புருவத்தின் நடுவில் ரோமம் இல்லாத கோடு மேலேறிப் போனது. பந்தலுக்கு வெளியிலிருந்து வெயில் பட்ட வலது தாடையில் மட்டும் மஞ்சள் தூக்கலாக நின்றது; அந்த இடத்தைத் தனியாகப் பிரித்துக் குறைத்தாள். வேறெதையும் அவள் தொடவில்லை.

ரஞ்சிதம் திரையைப் பார்த்தபடி மெல்லத் தன் முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள்.

“ஆங்,” என்றாள். “எங்கண்ணன்.”

திரையில் வந்தது பேப்பரில் வர வேண்டும். ஸ்டூடியோவுக்கு எதிரே இருந்த அச்சுக்கடையில் முதல் தாள் கருத்து வந்தது. இயந்திரத்துக்கு ஏற்ப இரண்டு முறை வெளிச்சத்தைத் திருத்தினாள். ஒவ்வொரு தாளையும் தெருவுக்கு எடுத்து வந்து நிழலில் பிடித்துப் பார்த்தார்கள். ரஞ்சிதம் தன் முன்கையைப் படத்தின் பக்கத்தில் நீட்டினாள்; தன்னைவிட அவர் ஒரு பிடி கருப்பு, இந்தத் தாளில் இரண்டு பிடி என்றாள். மூன்றாவது தாளில் கையை வைத்துப் பார்த்துத் தலையசைத்தாள். அடுத்த கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு கருப்பாகப் போட்டிருக்கிறீர்களே, கொஞ்சம் பளிச்சென்று போடக்கூடாதா என்றார். நாகராஜன் அவரைப் பார்த்து, அந்தப் பளிச்சால்தான் ஓர் ஆள் இரண்டு நாள் சுவருக்குக் கீழே கிடந்தான் என்றார்.

மறுநாள் முதல் பேருந்தில் ரஞ்சிதம் புத்தூர் போனாள். பழைய சுவரொட்டி இருந்த இடத்தையெல்லாம் தேடி அதன் மேலேயே புதியதை ஒட்டினாள். டீக்கடைப் பெண் பார்த்ததும் இவன்தான் என்றாளாம். ஆனால் அவரை அங்கே கண்டு ஒரு வாரமாகிவிட்டிருந்தது. இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் யாரோ அழைத்து, இப்படி ஒருவரைத் திருப்பதிப் பக்கம் பார்த்ததாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் வேறு ஆள். பெரிய ஆஸ்பத்திரியில் அடையாளம் தெரியாத ஓர் உடல் இருப்பதாகக் காவல் நிலையத்தில் சொல்லி, ரஞ்சிதம் அங்கேயும் போய் வந்தாள். வந்து, அது இல்லை என்று மட்டும் சொன்னாள். ப்ளெஸ்ஸி மோனிகாவின் ஆல்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எஃப் ஐந்தின் மேல் விரலை வைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். சரியான படம் பிந்தி வந்த படமாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் அவளை விடவில்லை.

ஐந்தாம் நாள் காலை ஒன்பது மணிக்கு ஸ்டூடியோ எண்ணுக்கு அழைப்பு வந்தது. நாகராஜன் எடுத்து, தெலுங்கில் பேசினார். பேசப் பேச எழுந்து நின்றுவிட்டார். ரஞ்சிதம் அப்போது ரேணிகுண்டா ரயிலுக்காக நிலையத்தில் காத்திருந்தாள். ப்ளெஸ்ஸி ஓடிப்போய் அழைத்து வந்தாள்.

பேசியது அந்த டீக்கடைப் பெண். விடியற்காலையில் கடை திறக்கும்போது ஓர் ஆள் இழுத்து இழுத்து நடந்து வந்தான், தலையில் முள்போல் முடி முளைத்திருந்தது, டீ கிடைக்கும் என்று நினைத்துத் திரும்பி வந்தான் போலிருக்கிறது என்றாள். கடைக்கு வரும் வழியில் சுவர் எதிரே நின்றுவிட்டானாம். நாகராஜன் கேட்டதைக் கேட்டபடி சொன்னார்.

“போஸ்டரையே பாத்துகினு நின்னானாம். படத்துல புருவத்தத் தடவிப் பாத்தானாம். அப்புறம் அவன் புருவத்தத் தடவினானாம். பசை ஒட்டாத ஓரமாப் பாத்து மெதுவாப் பிச்சி எடுத்துகினு, மார்ல வெச்சிக்கினு அந்தம்மாகிட்ட வந்து நிக்கிறான். படத்தக் காட்றான், அவனக் காட்றான். அப்புறம் இன்னாமோ கையில வளையல் போட்ட மாதிரி சுத்திச் சுத்திக் காட்றானாம், அது இன்னான்னு அந்தம்மாவுக்குப் புரியலியாம்.”

 ரஞ்சிதம் தன் மணிக்கட்டை மற்றொரு கையால் பொத்திக்கொண்டாள். எவ்வளவு சொல்லியும் அந்தக் கையை அவள் எடுக்கவில்லை.

அன்றே புத்தூரிலிருந்து அழைத்து வந்த வீராசாமியின் இடது பாதத்தில் ஆணி ஏறிப் புண் புரையோடியிருந்தது. சுண்டுவிரலை எடுக்க வேண்டி வந்தது. முப்பது நாள் ஆஸ்பத்திரி. முதல் சுவரொட்டியிலேயே ஆள் தெரிந்திருந்தால் அந்த விரல் இருந்திருக்கும் என்று ரஞ்சிதம் ஒருநாளும் சொல்லவில்லை. ப்ளெஸ்ஸி தனக்குள் பலமுறை சொல்லிக்கொண்டாள்.

ஐப்பசியில் ஒரு நாள் இருவரும் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். வீராசாமி ஒரு கோலை ஊன்றியிருந்தார். தலையில் அரை அங்குலத்துக்கு முடி, பாதி நரை. அடையாள அட்டையின் படத்தை மாற்ற வேண்டும் என்றாள் ரஞ்சிதம். ஆபீஸில் கேட்டபோது, அட்டை செல்லும், எதற்கு மாற்றுகிறாய் என்றார்களாம். இருந்தாலும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று எழுதிக் கொடுத்து வந்திருக்கிறாள்.

ப்ளெஸ்ஸி அவரை முக்காலியில் உட்காரவைத்தாள். சாம்பல் அட்டையை அவர் கையில் கொடுத்து, முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கும்படி காட்டினாள். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. பிறகு அதை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ப்ளெஸ்ஸி அப்படியே எடுத்தாள்.

உள்ளறையில் பச்சைச் சுவரை இப்போது சாம்பல் துணி நிரந்தரமாக மூடியிருந்தது. முருகன் கவுண்டரிலேயே தங்கிவிட்டார். படம் திரையில் வந்தது. ரஞ்சிதமும் நாகராஜனும் பின்னால் நின்றார்கள். புருவத் தழும்பும் கன்னத்துக் கருப்பும் உள்ளபடி தெரிந்தன. விசைப்பலகையின் மேல் வரிசையில், எழுத்துத் தேய்ந்துபோன ஒரே விசை எஃப் ஐந்துதான். ப்ளெஸ்ஸி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“ஒண்ணும் பண்ணாத,” என்றாள் ரஞ்சிதம்.

நாகராஜன் பிரிண்டரைப் போட்டார். வந்த தாளை வீராசாமியிடம் நீட்டினாள் ப்ளெஸ்ஸி. அவர் அதை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார். எட்டுப் படமும் ஒன்றுதானா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு திரும்பி, முதல் படத்தின் மேல் விரலை வைத்து, தன் மார்பைத் தொட்டுக் காட்டினார்.